மேட்டுப்பக்கம் நின்று

பிப்ரவரி 11

பைன் பிசின் சோப்புக்கு மசியவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தும் கட்டைவிரல் இந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. மேல் மூலையில் இருக்கும் கறை அதுதான்.

ஏழாம் பகுதியில் அளவெடுப்பு தொடங்கியது. நாற்பது மாதிரி வட்டங்கள், வட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மரம். ஐந்து ஆண்டுக்கு முன் எனக்கு முன்பிருந்த அலுவலர் அளந்த அதே மரங்கள், அதே எண் தகடுகள். இன்றைய சுற்றளவிலிருந்து பழையதைக் கழித்தால் வளர்ச்சி. எளிய வேலை. உதவி வன அலுவலராகச் சேர்ந்து ஏழு மாதத்தில் ஒரு முழுப் பகுதி என் பொறுப்பில் என்று எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் இன்னும் நன்றாக இருக்கிறது.

உள்ளே இருட்டு. முப்பத்தொரு வயது மரங்கள், வரிசை பிசகாமல், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. தரை முழுக்க ஊசி இலை, கணுக்கால் புதையும் அளவு. பறவை இல்லை. நடுப்பகலில் கைவிளக்கு வைத்துத் தகடு படித்தோம்.

இந்தச் சரிவில் கன்று நட்ட கூலிப் பெண்களில் அம்மாவும் உண்டு. கல்யாணத்துக்கு முன். இரவுச் சாப்பாட்டில் "அதெல்லாம் வளர்ச்சி நின்னுபோன மாதிரி இருக்கு" என்று ஏதோ சொல்லிவைத்தேன். "உனக்கு அஞ்சு வயசு மூத்ததுங்க. மரியாதையாப் பேசு" என்றாள்.

பிப்ரவரி 13

அளவுக்காரர் சறுக்கி விழுந்தார். முழங்கால் வீக்கம். இருபத்திரண்டு ஆண்டாக டேப் பிடிப்பவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

காரணம் இந்த ஊசி மெத்தை. சரிவு செங்குத்து. ஒவ்வொரு மரத்துக்கும் மேட்டுப்பக்கம் சுற்றி ஏறி, அங்கே நின்று, தரையிலிருந்து நூற்று முப்பது சென்டிமீட்டர் குறித்து, டேப்பைச் சுற்ற வேண்டும். ஏறும்போதுதான் கால் போகிறது. பள்ளத்துப் பக்கம் நின்றால் மரத்தின் மேலேயே சாய்ந்துகொள்ளலாம், விழ வழியில்லை.

கீழே நின்றே அளக்கலாம் என்றேன். முன்பிருந்த சார் மேலே நிற்கச் சொல்வார் என்று மெல்ல இழுத்தார். டேப் மட்டமாக இருந்தால் போதும் என்றேன். "மேடம் சொன்னா சரி" என்றார்.

முதல் முடிவு. என் முடிவு.

பிப்ரவரி 14

நேற்று முன்தினம் நாற்பத்தெட்டு மரம். இன்று எண்பத்தாறு.

பிப்ரவரி 20

விநோதம். வரிசைகளின் கடைசியில், பாறையை ஒட்டினாற்போல், இரட்டை மரங்கள். ஒரே அடியிலிருந்து இரண்டு தண்டு. நடு வரிசைகளில் ஒன்றுகூட இல்லை. மாலை ஒரு பக்கம் முழுக்கக் குறிப்பெழுதினேன்: பாறை விளிம்பில் மண் ஆழம் குறைவு, இளம் பருவத்தில் நுனிக் குருத்து காய்ந்திருக்கலாம், அல்லது மான் கடித்திருக்கலாம், அதனால் கவை பிரிந்திருக்கலாம். ஒரு சிறு கட்டுரைக்குத் தேறும். தலைப்புகூட வைத்துவிட்டேன். தலைப்பை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு நீளம்.

மார்ச் 2

கணக்கு முடிந்தது. சுற்றளவு வளர்ச்சி, ஆண்டுக்கு ஒன்பது புள்ளி எட்டு மில்லிமீட்டர்.

இதை ஏன் இரண்டு முறை அடிக்கோடிடுகிறேன் என்று பின்னால் மறந்துவிடுவேன், எழுதிவைக்கிறேன். அலுவலக விதி: ஆண்டுக்கு எட்டுக்குக் கீழே போன தோட்டம் தளர்ந்துவிட்டது என்று பொருள். முழுவெட்டுப் பட்டியலில் ஏறும். எல்லாவற்றையும் சாய்த்து, சரிவை மொட்டையடித்து, திரும்பக் கன்று. ஏழாம் பகுதியின் காலடியில் ஓடை. இரண்டு மழைக்காலம் மண் முழுதும் அதில் இறங்கும். எங்கெல்லாம் ஒரு கீற்று வெளிச்சம் விழுகிறதோ அங்கெல்லாம் பறவை போட்ட நாட்டு மரக் கன்றுகள் முழங்கால் உயரத்தில் காத்துக்கிடக்கின்றன, அவையும் நசுங்கும்.

நான் கேட்பது இடைவெட்டு. மூன்றில் ஒரு மரத்தை எடுத்தால் மீதிக்கு வெளிச்சம், கன்றுகளுக்கும் வெளிச்சம். பத்து, இருபது ஆண்டில் இது வெறும் பைன் தோட்டமாக இருக்காது. காடாகும். அதற்கு முதலில் மரங்கள் தளரவில்லை என்று காட்ட வேண்டும். காட்டிவிட்டேன்.

(முப்பத்தோராம் வட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே மட்டும் தாறுமாறாகப் பதினெட்டு. ஏதோ பிழை. அட்டவணை அழகாக இருக்க வேண்டும்.)

மார்ச் 10

கூட்டம். கோட்ட அலுவலர் என் தாள்களைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். "ஒன்பது புள்ளி எட்டா. நான் அஞ்சு ஆறு இருக்கும்னு நெனச்சேன். பரவாயில்லையே." இடைவெட்டுக்குக் கொள்கை அளவில் சம்மதம். குறியிடும் வேலை ஏப்ரலில்.

வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன். அம்மாவிடம் சொன்னபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஆனால் ஒரே துண்டை மூன்று முறை மடித்தாள்.

மார்ச் 15

எழுத வேண்டுமா? எழுதுகிறேன்.

ஜீப் பழுது, பேருந்தில் திரும்பினேன். ஏழாம் பகுதிக்குக் கீழே சாலை வளையும் இடத்தில் பேருந்து நின்றது. யாரோ இறங்கினார்கள், மூட்டை, சில்லறை, நேரமானது. மாலை வெயில் சாய்வாக மரங்களுக்குள் போயிருந்தது. அளந்த உயரத்தில் நாங்கள் போட்ட வெள்ளைக் கோடுகள். வரிசை வரிசையாக, மேலே மேலே, அத்தனையும் என்னைப் பார்த்தபடி. பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் "எங்க வேலை" என்றுகூடச் சொல்லிவிட்டேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை.

பேருந்து நகர்ந்தது. அப்புறம்தான்.

கோடுகள் சாலையிலிருந்து தெரிகின்றன. என்றால் கோடுகள் பள்ளத்துப் பக்கம். என்றால் நாங்கள் பள்ளத்தில் நின்றோம். ஐந்து ஆண்டுக்கு முன் அந்த மனிதர் மேட்டில் நின்றார். பள்ளத்துத் தரை தாழ்வு. அங்கிருந்து நூற்று முப்பது என்பது மேட்டிலிருந்து நூற்று முப்பதைவிடத் தண்டில் ஒரு சாண் கீழே. ஒன்றரைச் சாணும் இருக்கலாம். தண்டு கீழே போகப் போகப் பெருக்கும்.

பழைய கோடுகள் இருந்திருந்தால் உறைத்திருக்கும். அவை பட்டையோடு உதிர்ந்துவிட்டன.

இது முதலாண்டுப் பாடம். படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியிருக்கிறேன், படம் போட்டு. பல்கலைக்கழகத்தின் மாதிரித் தோப்பு சமதரை. அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

அவர் சொன்னாரே. மேலே நிற்கச் சொல்வார் என்று சொன்னாரே. ஐயோ.

மார்ச் 16

ஞாயிறு. தனியாகப் போனேன். பத்து மரம், இரண்டு பக்கமும் நின்று. வித்தியாசம் சராசரி இரண்டு சென்டிமீட்டர். ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு நான்கு மில்லிமீட்டர் பொய்.

ஒன்பது புள்ளி எட்டில் நான்கு போனால் ஐந்து புள்ளி எட்டு. எட்டுக்குக் கீழே.

நானே மரங்களைக் கையைப் பிடித்து முழுவெட்டுப் பட்டியலில் ஏற்றுகிறேன்.

அல்லது ஏற்றாமல் இருக்கலாம். யாரும் மறுபடி அளக்கப்போவதில்லை. சம்மதம் வாங்கியாயிற்று. ஏப்ரலில் குறி, மே மாதம் வெட்டு, வெளிச்சம், கன்றுகள். பொய் எண்ணால் நல்ல காடு. யாருக்கு நஷ்டம்?

அடுத்த முறை அளக்கப்போகிறவருக்கு. அவர் மேட்டில் நிற்பார். மரங்கள் சுருங்கிவிட்டதாக அவருக்குத் தோன்றும்.

மார்ச் 17

சாப்பாடு இறங்கவில்லை. அம்மா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்ன ஆச்சு, வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?" என்றாள். சொல்லிவிட்டேன். மேடு, பள்ளம், ஒரு சாண், எல்லாம். குழம்புக் கரண்டியைத் தண்டாக வைத்து விளக்கினேன்.

கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக் குழம்பில் போட்டாள். பிறகு, சம்பந்தமே இல்லாமல், "அந்தப் பாறையோரத்துல ரெட்டை மரம் இருக்கா?" என்றாள்.

இருக்கிறது என்றேன். மண் ஆழம், நுனிக் குருத்து, மான் என்று ஆரம்பித்தேன்.

"மானும் இல்ல மண்ணும் இல்ல. அது நான்தான்" என்றாள்.

ஒரு நாளைக்கு ஒரு கூடைக் கன்று. கூடை காலியானால்தான் வீட்டுக்கு விடுவார்கள். மேஸ்திரி கூடையைத்தான் பார்ப்பார், குழியைப் பார்க்க மாட்டார். சாயங்காலம் இடுப்பு கழன்றுவிடும். வரிசைக் கடைசியில் மிச்சமிருந்த கன்றுகளை ஒரே குழியில் இரண்டு இரண்டாகச் சொருகி, மண்ணை மிதித்துவிட்டு வருவார்களாம். இவள் மட்டும் இல்லை, எல்லோரும். "எங்க செத்துப்போகும்னு நெனச்சோம். ரெண்டும் பொழச்சுக்கிடுச்சு. அந்த ரோட்டுல போறப்பல்லாம் என்னையே பாக்கற மாதிரி இருக்கும். முப்பது வருஷமா யார்கிட்டயும் சொல்லல."

சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அவளும். கட்டுரைத் தலைப்பைப் படித்துக்காட்டினேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே "இன்னொரு தடவை படி" என்றாள்.

பிறகு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "நாளைக்கே போய்ச் சொல்லிடு. என்னை மாதிரி இழுக்காத."

மார்ச் 18

சொன்னேன்.

கோட்ட அலுவலர் அறையில் மின்விசிறி டிக்டிக்கென்று அடிக்கும். அதை எண்ணிக்கொண்டே சொல்லிமுடித்தேன். அளவுக்காரரையும் கூப்பிட்டார். அவர் வந்து நின்றதும், நான் வாய் திறப்பதற்குள், "டேப் பிடிச்சது நான் சார்" என்றார். முழங்கால் இன்னும் நேராகவில்லை, சாய்ந்து நிற்கிறார். இவருக்கு என்ன வந்தது? நான் சொல்லித்தான் கீழே நின்றார், மேலே நிற்பதுதான் வழக்கம் என்று சொல்லியும் நான்தான் கேட்கவில்லை என்றேன். அவர் இல்லை என்றார். நான் ஆமாம் என்றேன்.

"ரெண்டு பேரும் பங்கு போட்டு முடிச்சாச்சா?" என்றார் கோட்ட அலுவலர். சம்மதத் தாளை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். கிழிக்கவில்லை. பத்து நாள் கொடுத்தார், நாற்பது வட்டமும் திரும்ப. "மேல ஏறி நில்லுங்க."

வராந்தாவில் அளவுக்காரரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் அண்ணா என்று கேட்டேன். "இருபத்திரெண்டு வருஷம் டேப் பிடிச்சவன் நான். நீங்க வந்து ஏழு மாசம். யாரு மேல தப்பு இருந்தாத்தான் பாக்க லட்சணமா இருக்கும், சொல்லுங்க" என்றார்.

இவரோடு வேலை செய்கிறேன். அவ்வளவுதான் இன்று.

மார்ச் 22

ஊசி இலையை வாரியலால் தள்ளி, குதிகாலால் படி வெட்டி, அதன் மேல் நின்று அளக்கிறோம். பள்ளத்துப் பக்கம் போட்ட பொய்க் கோடுகளைச் சுரண்டி எடுத்துவிடுகிறோம். நாற்பத்தைந்து மரம்தான் ஒரு நாளைக்கு. அவர் முழங்கால் இருக்கும் நிலையில் டேப் பிடிக்க நான் விடவில்லை. எழுத்து வேலை அவருக்கு, ஏறும் வேலை எனக்கு. "மேடம் வழுக்காதீங்க, அப்புறம் ரெண்டு பேரும் நொண்டி" என்கிறார்.

மார்ச் 23

இரண்டு முறை விழுந்தேன்.

மார்ச் 27

ஐந்து புள்ளி ஏழு.

ஒருமுறைகூட நப்பாசை வைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் ஒன்று. இந்த முறை எந்த வட்டத்தையும் விடவில்லை. முப்பத்தொன்றும் உள்ளே. அங்கே பதினான்கு. மாதத் தொடக்கத்தில் பதினெட்டு என்று பார்த்து, பிழை என்று தூக்கி எறிந்தேனே, அது. மேட்டில் நின்று அளந்தாலும் பதினான்கு. சுற்றி எல்லாம் ஐந்தும் ஆறும், அங்கே மட்டும் பதினான்கு.

என்ன இருக்கிறது அங்கே? அளவுக்காரரைக் கேட்டேன். எட்டு ஆண்டுக்கு முன் அடித்த ஒரு காற்றில் அந்த இடத்தில் ஆறு மரம் சாய்ந்ததாம். அடிக்கட்டைகளைக் காட்டினார். பாசி மூடியிருக்கிறது.

ஆறு மரம் சாய்ந்தது. மேலே ஒரு ஓட்டை. வெளிச்சம்.

யாரும் திட்டமிடாமல் நடந்த இடைவெட்டு. என் அட்டவணை அழகாக இருக்க வேண்டும் என்று நான் வெளியே தள்ளியது.

ஏப்ரல் 3

துளைக்கோல் கொண்டுபோனோம். உள்ளே குழலாக இருக்கும் இரும்பு. மரத்துக்குள் திருகினால் பென்சில் தடிமனில் ஒரு குச்சி வெளியே வரும், பட்டையிலிருந்து நடு வரைக்கும். ஆண்டு வளையமெல்லாம் அதில் கோடு கோடாகத் தெரியும்.

முப்பத்தோராம் வட்டத்தில் பன்னிரண்டு மரம். எல்லாவற்றிலும் ஒரே கதை. நடுவில் அகன்ற வளையங்கள், குழந்தைப் பருவம். பிறகு நெருக்கி, நெருக்கி, நகம் வைத்தாலும் பிரித்து எண்ண முடியாத கோடுகள். மூச்சுத்திணறல். பட்டையிலிருந்து எண்ணினால் எட்டாவது கோட்டில் திடீரென்று திறக்கிறது. தீக்குச்சித் தடிமன். அடுத்ததும். அதற்கடுத்ததும்.

தளரவில்லை. இடம் இல்லாமல் நின்றிருந்தார்கள்.

(ஆம், "தார்கள்". அம்மா படித்தால் சந்தோஷப்படுவாள்.)

ஏப்ரல் 9

கூட்டம். இந்த முறை முதல் தாளிலேயே எழுதியிருந்தேன்: முந்தைய அறிக்கை தவறு, சரியான வளர்ச்சி ஐந்து புள்ளி ஏழு, விதிப்படி இது முழுவெட்டுக்கு உரியது. அதைப் படித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு பன்னிரண்டு குச்சிகளையும் மேஜையில் வரிசையாக வைத்தேன், எட்டாவது கோட்டில் சிவப்புப் பேனாப் புள்ளி.

கோட்ட அலுவலர் உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டார். ஒவ்வொன்றாக எடுத்தார். மின்விசிறி டிக்டிக்கென்றது.

"போன தடவை உங்க நம்பர் நல்லா இருந்துச்சு, எனக்கு நம்பிக்கை வரல. இந்தத் தடவை நம்பர் மோசம்." குச்சியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "ரெண்டு வருஷம் தரேன். இடைவெட்டு பண்ணுங்க. ரெண்டு வருஷம் கழிச்சும் எட்டு தாண்டலேன்னா நானே வந்து முழுவெட்டுக்குக் குறி போடுவேன்."

டிராயரைத் திறந்து பழைய சம்மதத் தாளை எடுத்து, எண்ணை அடித்து, புதிய எண்ணை எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். அந்த அடித்தல் திருத்தலோடு இருக்கும் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசித்தேன். வேண்டாம், ரொம்ப அதிகம். இந்த நோட்டுக்குள் செருகியிருக்கிறேன்.

ஏப்ரல் 20

குறியிடல். வெட்டப்போகும் மரத்துக்குச் சிவப்பு வளையம். அம்மா ஞாயிறென்று கூடவே வந்துவிட்டாள், இத்தனை ஆண்டுக்குப் பிறகு முதல் முறை உள்ளே. சாலையிலிருந்து பார்ப்பது வேறு. உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்து, தலை கிறுகிறுக்கிறது என்று உட்கார்ந்தாள். "இடுப்பு உயரம்கூட இல்லாம இருந்துச்சுங்கடி."

நான் சிவப்பு போடப் போட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நட்ட கை.

பாறையோரம் வந்தோம். இரட்டைகள். இரண்டில் ஒன்று போக வேண்டும். எதை என்று கேட்டேன். "படிச்சவ நீ. எங்கிட்ட கேட்டா ரெண்டையும் விடச் சொல்வேன்" என்றாள். உச்சி எது பெரிதோ, தண்டு எது நேரோ, அதை விட்டேன். பதினேழு இரட்டை. கடைசி ஜோடியில் பெயின்ட் தூரிகையை வாங்கி அவளே வளையம் போட்டாள். கோணலாக.

"இப்போ கணக்கு சரியாப் போச்சு" என்றாள்.

மே 28

வெட்டு முடிந்தது. அறுவைச் சத்தம் காதில் இன்னும் இருக்கிறது. உள்ளே நின்று பார்த்தேன், தரையில் என் நிழல் விழுந்தது. இங்கே இதுவரை எனக்கு நிழல் இருந்ததில்லை.

ஆகஸ்ட் 6

பெரிய காற்று. காலையிலேயே ஓடினேன். நான்கு சாய்ந்திருக்கிறது. நான்குதான். எண்ணிவிட்டுக் கட்டையில் உட்கார்ந்து, கொண்டுபோன சாப்பாட்டை நானும் அளவுக்காரரும் முழுதாகச் சாப்பிட்டோம்.

ஜூன் 19

பத்து மாதத்துக்கு மேலாகிவிட்டது எழுதி. ஒரு வரிக்காகத் திறந்தேன்: ஏழாம் பகுதியில் ஒரு பறவை. பெயர் தெரியவில்லை. கத்திக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 23

இரண்டு ஆண்டு முடிகிறது. நாற்பது வட்டமும் அளந்தாயிற்று, ஒன்றும் விடாமல். ஊசி மெத்தை பாதியாகக் குறைந்துவிட்டது. நாட்டுக் கன்றுகள் என் தோளுக்கு வந்துவிட்டன, அவற்றை விலக்கிக்கொண்டுதான் மரத்தை அடைய முடிகிறது. அளவுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார், எந்த மரத்தை அளக்க வந்தோம் என்றே தெரியவில்லையாம்.

ஆண்டுக்குப் பதினொன்று புள்ளி இரண்டு. கோட்ட அலுவலரிடம் தாளை வைத்தேன். கடைசி எண்ணைப் பார்த்தார். "எங்க நின்னு அளந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மாலை அம்மா சந்தையிலிருந்து திரும்பும் பேருந்தில் இருந்தாள். சாலை வளையும் இடத்தில் பேருந்து நிற்கிறது என்று ஃபோன் செய்தாள். நான் உள்ளேயே, பாறையோரத்தில், பெயின்ட் காயாத தூரிகையோடு நின்றிருந்தேன்.

"அளந்தாச்சு அளந்தாச்சுங்கற. ஒரு வெள்ளைக் கோட்டையும் காணோமே."

நன்றாகப் பார்க்கச் சொன்னேன். ஜன்னல் பக்கம் மாறி உட்காரும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுகூட இல்லடி" என்றாள்.

இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்.